நாற்பது படிகளும் ஒரு 'ம்'மும்

பதினெட்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்த ஒரு கேள்வியை மாஸ்டரின் மனைவி திடீரென்று நிறுத்திவிட்டாள். வீட்டில் ஓடிக்கொண்டிருந்த மின்விசிறி சட்டென்று நின்றால்தான் இத்தனை நாள் அது சத்தம் போட்டதே காதுக்குத் தெரியும். மாஸ்டருக்கும் அப்படித்தான் ஆயிற்று.

மாஸ்டர் என்றால் பள்ளிக்கூடத்து மாஸ்டர் இல்லை. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் மாஸ்டர். அவருடைய காரில் பிரேக் இரண்டு. ஒன்று ஓட்டுகிறவர் காலடியில், இன்னொன்று பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மாஸ்டர் காலடியில். கற்றுக்கொள்ள வந்தவர் மரத்தைப் பார்த்து ஆசையாகப் போகும்போது மாஸ்டர் இந்த இரண்டாவது பிரேக்கை அழுத்துவார். பத்தொன்பது வருஷ அனுபவம். அந்தக் கால் தூக்கத்தில்கூட மெத்தையை அழுத்தும். வீட்டில் யார் எதை ஆரம்பித்தாலும் முதலில் அதுதான் விழும்.

கேள்வி ரொம்பச் சின்னது. ஒவ்வொரு சனிக்கிழமையும் வரும்.

"என்னங்க, நாளைக்கு அந்தக் கோட்டைக்குப் போயிட்டு வரலாமா?"

"அடுத்த வாரம் பாக்கலாம்மா."

அவ்வளவுதான். கோட்டை ஒன்றும் ஏழு கடல் தாண்டி இல்லை. பஸ்ஸில் ஆறு நிறுத்தம். கப்பலில் வந்த வெள்ளைக்காரர்கள் பீரங்கி வைக்கக் கட்டி, பிறகு கைதிகளை அடைத்து, கடைசியில் எல்லாரும் போன பின்னால் மியூசியம் ஆகிவிட்ட கோட்டை. கல்யாணமான மூன்றாம் நாள், "உனக்கு முதல்ல அதைக் காட்டுறேன்" என்று சொன்னவரும் மாஸ்டர்தான். யாரும் கழுத்தைப் பிடித்துச் சொல்லச் சொல்லவில்லை.

இதில் கொடுமை என்னவென்றால், மாஸ்டர் தினமும் அங்கேதான் இருக்கிறார். கோட்டை மதிலுக்கு வெளியே ஒரு பொட்டல். அங்கேதான் ரிவர்ஸ் எடுக்கக் கற்றுக்கொடுப்பது. ஆகவே கோட்டையை அவர் பார்த்ததெல்லாம் காரின் சின்னக் கண்ணாடியில், பின்னோக்கிப் போகும்போது மட்டும். உள்ளே கால் வைத்ததில்லை.

இன்னொரு பழக்கத்தையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். கற்றுக்கொள்ள வருகிறவர்கள் பயத்தில் வாய் ஓயாமல் பேசுவார்கள். பல் டாக்டர் ஒருத்தி ஸ்டியரிங்கைப் பிடித்தால் மாமியார் கதை முழுக்கச் சொல்லிவிடுவாள். மாஸ்டர் பார்வையைத் தெருவை விட்டு எடுக்கக்கூடாது. அதனால் எல்லாவற்றுக்கும் "ம்" என்பார். ஒரே நீளம், ஒரே சுருதி. நாளெல்லாம் சொல்லிச் சொல்லி, சட்டையில் ஒட்டிய தூசி மாதிரி அந்த "ம்" வீட்டுக்கும் கூடவே வந்துவிட்டது.

அப்படிப்பட்டவருக்குத்தான் ஒரு சனிக்கிழமை சந்தேகம் தட்டியது. மனைவி தையல் மெஷினில் உட்கார்ந்து யாருடைய திரைச்சீலைக்கோ ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். மாஸ்டர் பேப்பரை மடித்து வைத்தார். காத்திருந்தார். "அடுத்த வாரம்" நாக்கு நுனியில் தயாராக இருந்தது. கேள்வி வரவில்லை.

"என்னம்மா, ஏதாவது கேக்கணுமா?"

"இல்லையே."

"நாளைக்கு ஞாயித்துக்கிழமை."

"ஆமா. நேத்து வெள்ளி, இன்னைக்கு சனி. சரியாத்தான் வந்திருக்கு."

மெஷின் கடகடவென்று ஓடியது. எப்போது நிறுத்தினாள்? போன வாரமா? போன மாசமா? யோசித்துப் பார்த்தால் நாலு மாசமாகவே "அடுத்த வாரம்" சொன்ன ஞாபகம் இல்லை. கோபமாக இருந்தால் சமாளிக்கலாம். கோபம் என்றால் இன்னும் ஏதோ எதிர்பார்க்கிறாள் என்று அர்த்தம். இவளோ கோபமாகவும் இல்லை. சந்தோஷமாக வேறு இருக்கிறாள். தன்னிடம் கேட்க அவளுக்கு ஒன்றுமே பாக்கி இல்லையா என்ற நினைப்பில் அன்று அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அடுத்த நாள் முகம் மழிக்கும்போது கண்ணாடியைப் பார்த்துச் சபதம் எடுத்தார். வருகிற ஞாயிறு கோட்டை. சும்மா கூட்டிப்போவது இல்லை. உள்ளே ஒவ்வொரு கல்லுக்கும் தானே விளக்கம் சொல்லப் போகிறார். அவள் வாயைப் பிளந்து, "இவ்வளவும் உங்களுக்குத் தெரியுமா?" என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டும். அந்த ஒரு கேள்வி போதும், பழைய கேள்வி போன இடத்தை அடைத்துவிடும்.

விஷயம் என்னவென்றால் கோட்டையைப் பற்றி அவருக்குத் தெரிந்தது, அதன் மதிலில் மோதினால் பம்பர் போய்விடும் என்பது மட்டுமே. ஆகவே ரகசியமாக வேவு பார்க்கக் கிளம்பினார்.

வியாழக்கிழமை. பல் டாக்டரிடம் கார் ரிப்பேர் என்று பொய் சொல்லிவிட்டு, பொட்டலில் காரை நிறுத்தி, முதல் தடவையாகக் கோட்டை வாசலுக்கு முகத்தை நேராகக் காட்டி நடந்தார். கையில் மாணவர்கள் வருகைப் பதிவு நோட்டு. ஜன்னலில் டிக்கெட் கொடுக்கும் பெண் அவரைப் பார்த்தாள். நோட்டைப் பார்த்தாள். திரும்ப அவரைப் பார்த்தாள்.

"வெளியில ரிவர்ஸ் எடுக்கிற சார்தானே நீங்க?"

"ஆமா. எப்படித் தெரியும்?"

"தினமும் பாக்கிறோமே. உள்ள பாக்க வந்தீங்களா?"

"ஞாயித்துக்கிழமை வீட்டுக்காரியைக் கூட்டிட்டு வரேன். அதுக்கு முன்னாடி நானே எல்லாம் தெரிஞ்சுக்கணும். அவகிட்ட நானே விளக்கிச் சொல்லப் போறேன். அவளுக்கு இது தெரியக்கூடாது."

"சேச்சே. யார் சார் சொல்லப் போறா? ஒரு பத்து நிமிஷம் உக்காருங்க. கைடு டீ குடிக்கப் போயிருக்கார்."

அவள் ஜன்னலைப் பாதி சாத்திக்கொண்டு போனில் யாரிடமோ குசுகுசுவென்று பேசினாள். நடுவில் இரண்டு முறை சிரிப்பை விழுங்கினாள். மாஸ்டர் அதைக் கவனிக்கவில்லை. சிக்னலில் எதிர் வண்டி வருவதைக் கவனிக்கும் கண்ணுக்கு இதெல்லாம் படாது.

கைடு வந்தார். கழுத்தில் விசில், சட்டைப் பையில் மடித்த ஒரு காகிதம். குரல் மட்டும் ரயில்வே ஸ்டேஷனிலிருந்து கடன் வாங்கியது.

"இதோ, உங்கள் இடது கைப் பக்கம் தெரிவது மதில். பருமன் எட்டு அடி. உங்கள் வலது கைப் பக்கம் பீரங்கி. இந்தப் பீரங்கி இன்று வரை ஒரே ஒரு முறைதான் சுட்டது. அதுவும் தளபதியின் பிறந்த நாளுக்கு."

மாஸ்டர் எழுதிக்கொண்டார். மதில் எட்டு. பீரங்கி ஒன்று. வெடிமருந்து அறைக்குள் செருப்போடு போனவனுக்குச் சவுக்கடி, ஏனென்றால் செருப்பாணி கல்லில் உரசினால் பொறி பறக்கும். எழுதிக்கொண்டார். பல் டாக்டர் பெயருக்கு நேரே "சவுக்கடி" என்று விழுந்தது.

மாடியில் ஒரு கண்ணாடிப் பெட்டி. உள்ளே பித்தளைப் பித்தான்கள் வைத்த சிவப்புக் கோட்டு. இங்கே கைடு நின்றார். சட்டைப் பையிலிருந்து காகிதத்தை எடுத்து ஓரக்கண்ணால் பார்த்தார். ரயில்வே குரல் கொஞ்சம் தடுமாறியது.

"இது... தளபதியின் கோட்டு. தளபதியின் மனைவி இதே கோட்டைக்குள் கீழ் அறையில் இருந்தாள். மதில் மேலே போனால் கடல் தெரியும். 'என்னை ஒரு நாள் மேலே கூட்டிப் போங்கள்' என்று கேட்டாள். தளபதி, 'அடுத்த பௌர்ணமிக்கு' என்றான். மொத்தம் நாற்பதே படிகள். தளபதி தினமும் ஏறி இறங்குகிற படிகள். பதினெட்டு வருஷம் அவள் கேட்டாள். பதினெட்டு வருஷமும் அடுத்த பௌர்ணமி."

"அட, எங்களுக்கும் கல்யாணமாகிப் பதினெட்டு வருஷம்" என்றார் மாஸ்டர், நோட்டிலிருந்து தலையைத் தூக்காமல். "அப்புறம்?"

கைடு இருமினார். "அப்புறம் ஒரு நாள் அவளே தனியாக ஏறிப் போனாள். அதோடு கேட்பதை நிறுத்திவிட்டாள்."

"நிறுத்திவிட்டாள்" என்று எழுதி மாஸ்டர் கீழே கோடு போட்டார். "என்ன மனுஷன் இவன். நாற்பது படி ஏத்திவிட வக்கில்ல, இவனுக்கு ஒரு கோட்டு, அதுக்கு ஒரு கண்ணாடிப் பெட்டி."

"இருக்காங்க சார் அந்த மாதிரி" என்றார் கைடு, ஜன்னலுக்கு வெளியே தெரிந்த பொட்டலைப் பார்த்தபடி.

மூன்று நாள் மாஸ்டர் மனப்பாடம் செய்தார். குளிக்கும்போது மதில், பல் தேய்க்கும்போது பீரங்கி. ஞாயிறு காலை உடுத்திக்கொண்டு வந்து, சாதாரணமாகச் சொல்வது போலச் சொன்னார்.

"கிளம்பு. கோட்டைக்குப் போறோம்."

மனைவி ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். "இன்னைக்கா?"

"இன்னைக்கேதான்."

"அடுத்த வாரம் போலாமே."

மாஸ்டருக்குச் சுருக்கென்றது. அந்த வார்த்தை வெளியிலிருந்து காதில் விழுந்தால் இப்படித்தான் இருக்குமா என்று ஒரு கணம் தோன்றியது. அவள் சிரித்துவிட்டு நீலக் குடையை எடுத்துக்கொண்டாள்.

டிக்கெட் ஜன்னலில் அந்தப் பெண் முகத்தைக் கல்லாக வைத்திருந்தாள். "வாங்க சார். வாங்க மேடம். முதல் தடவையா?"

"ஆமாம்மா" என்றாள் மனைவி. "இவர்தான் கூட்டிட்டு வந்திருக்கார்."

மாஸ்டர் நெஞ்சை நிமிர்த்தினார். உள்ளே போனதும் தொண்டையைச் செருமினார். அவரையும் அறியாமல் ரயில்வே குரல் வந்துவிட்டது.

"இதோ, உன் இடது கைப் பக்கம் தெரிவது மதில். பருமன் எட்டு அடி."

"அப்படியா? இவ்வளவு பெருசா எதுக்குங்க?"

"குண்டு வந்தா தாங்கணும்ல."

"இந்தக் கதவுல வெளிப்பக்கமா இத்தனை ஆணி அடிச்சிருக்காங்களே, அது எதுக்கு?"

நோட்டில் ஆணி இல்லை. மாஸ்டரின் வலது கால் தரையை ஒரு முறை அழுத்தியது. "அது... கோட்டு, தொப்பி மாட்டத்தான்."

"வெளியிலயா? சண்டைக்கு வர்றவன் கழட்டி மாட்டிட்டு வருவானா?"

"அந்தக் காலத்துல மரியாதை அதிகம்மா."

"ஓ" என்றாள் அவள். பின்னால் நின்ற கைடு விசிலை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டார்.

வெடிமருந்து அறை வாசலில் அவள் செருப்பைக் கழற்றச் சொன்னார். கழற்றினாள். காரணம் சொன்னார். கேட்டாள். பீரங்கிக்குப் பிறந்த நாள் கொண்டாடினார், தளபதி ஒரே முறை சுட்டார் என்றார். கொஞ்சம் இடம் மாறிப்போனது. அவள் தலையாட்டினாள். எல்லாம் நன்றாகத்தான் போனது. அந்த ஒரு கேள்விதான் வரவில்லை. பரவாயில்லை, பெரிய சரக்கு மாடியில் இருக்கிறது.

கோட்டுப் பெட்டி முன்னால் நின்று, மாஸ்டர் கதையை எடுத்தார். நாற்பது படி, பதினெட்டு வருஷம், அடுத்த பௌர்ணமி. சொல்லச் சொல்ல அவருக்கே கோபம் ஏறியது.

"பொண்டாட்டி என்ன கேட்டா? நகையா கேட்டா? மாளிகையா கேட்டா? நாற்பது படி. கல் நெஞ்சக்காரன்."

மனைவி பெட்டிக்குள் இருந்த சிவப்புக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏன் அவர் கூட்டிட்டுப் போகல?"

இதுவும் நோட்டில் இல்லை. "வேலை இருந்திருக்கும்."

"அவர் வேலையே மேலதானே?"

"மறந்திருப்பான்."

"பதினெட்டு வருஷமாவா? ஒவ்வொரு மாசமும் கேட்டிருக்காளே."

மாஸ்டர் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். அந்தத் தளபதி என்ன நினைத்திருப்பான் என்று அவன் கோட்டுக்குள் புகுந்து பார்த்தார். பதில் ரொம்பச் சுலபமாக வந்தது. முன்பே உள்ளே இருந்தது போல.

"அவ எப்பவும் கேட்டுக்கிட்டேதான் இருப்பான்னு நினைச்சிருப்பான்" என்றார்.

மாஸ்டர் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தார். கோட்டுக்கு மேலே, தலை இருக்க வேண்டிய இடத்தில், கண்ணாடியில் அவர் முகம் தெரிந்தது.

அந்த நேரம் பார்த்து கைடு வந்தார். கையில் சாவிக்கொத்து. ரயில்வே குரல் போய் வீட்டுக் குரல் வந்திருந்தது.

"அக்கா, ரெண்டாவது பித்தான் லூசா இருக்குன்னீங்களே. இப்பவே பாத்துடறீங்களா, இல்ல நாளைக்கு வந்து தச்சுக்கிறீங்களா?"

"நாளைக்குப் பாத்துக்கிறேன் தம்பி. இன்னைக்கு நான் சுத்திப் பாக்க வந்தவ."

மாஸ்டர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "அக்காவா?"

"இங்க பழைய துணியெல்லாம் நான்தான் தச்சு சரி பண்றேன். கொடி, கோட்டு, தொப்பி எல்லாம். திங்கள், புதன், வெள்ளி. நாலு மாசமாச்சு."

"என்கிட்ட நீ சொல்லவே இல்லையே."

"சொன்னேன். 'கோட்டையில வேலை கிடைச்சிருக்கு, போகட்டுமா'ன்னு கேட்டேன். 'ம்'னீங்க. முதல் நாள் போயிட்டு வந்து, 'எவ்வளவு நல்லா இருக்கு தெரியுமா'ன்னு ஆரம்பிச்சேன். அதுக்கும் 'ம்'. ஒரு நாள், 'பீரங்கி வெடிச்சு நான் செத்துட்டேன்'னு சொல்லிப் பாத்தேன்."

"அதுக்கு?"

"ம்."

மாஸ்டர் சுவரைப் பிடித்துக்கொண்டார். எட்டு அடிப் பருமன், தாங்கியது. "நான் தினமும் வெளியிலதானே நிக்கிறேன். உன்னை ஒரு தடவை கூடப் பாக்கலையே."

"பாத்தீங்க. போன மாசம். இதே நீலக் குடை. ஹாரன் அடிச்சீங்க. 'அந்தம்மா எப்படி கிராஸ் பண்ணுது பாருங்க, கண்ணு பிடரியிலயா இருக்கு'ன்னு பக்கத்துல இருந்த டாக்டரம்மாகிட்ட சொன்னீங்க. எனக்குக் கேட்டுச்சு."

ஞாபகம் இருந்தது. குடை ஞாபகம் இருந்தது. குடைக்குக் கீழே யார் என்று பார்த்த ஞாபகம்தான் இல்லை.

"அப்போ வியாழக்கிழமை நான் வந்தது..."

"நீங்க நோட்டைத் திறக்கிறதுக்குள்ள போன் வந்துடுச்சு."

"இந்தத் தளபதி பொண்டாட்டி கதை?"

"நான்தான் போன்ல சொன்னேன். பாவம், தம்பி அவசரமா எழுதிக்கிட்டார். தளபதிக்குக் கல்யாணமே ஆகல. இந்தக் கோட்டுகூட அவரோடது இல்ல, பேண்டு வாத்தியத்துல ஊதல் ஊதினவரோடது." அவள் குரலில் கேலி இருந்தது. அதற்கு அடியில் வேறொன்றும் இருந்தது. "நேரா சொன்னா நீங்க கேக்க மாட்டீங்க. நீங்களே சொன்னாலாவது உங்க காதுல விழுமான்னு பாத்தேன்."

கைடு நல்ல மனுஷர். யாரும் கூப்பிடாமலே கீழே யாரோ கூப்பிட்டது போல இறங்கிப் போய்விட்டார்.

"மேல போலாமா?" என்று அவளே கேட்டாள்.

நாற்பது படிகள். அது மட்டும் நிஜம். இருபதில் மாஸ்டருக்கு மூச்சு வாங்கியது, முப்பதில் முழங்கால் பேசியது. மேலே போய் நின்றார். கடல் இவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று பதினெட்டு வருஷமாக அவருக்குத் தெரியாது. காற்று அவர் தலையில் மிச்சமிருந்ததைக் கலைத்தது. அவள் பழகியவள் மாதிரி ஒரு கல்லில் உட்கார்ந்தாள். அந்தக் கல்லில் ஒரு ஆள் உட்காரத்தான் இடம் இருந்தது.

"மத்தியானம் சாப்பாடு இங்கதான்" என்றாள். "இந்தப் பக்கம் பாத்தா கடல். அந்தப் பக்கம் பாத்தா நீங்க."

மாஸ்டர் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தார். கீழே பொட்டல். காலியான அவர் கார், தலையில் சிவப்பு எல் போர்டோடு, தீப்பெட்டி மாதிரி இருந்தது.

"இங்கேருந்து என்னைப் பாத்தியா?"

"வந்த நாளெல்லாம். பாதிச் சோத்தை அப்படியே வச்சுட்டு."

"எப்படி இருந்தேன்?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "பின்னாடியே போயிட்டிருந்தீங்க."

மாஸ்டருக்கு என்னவோ சொல்ல வேண்டும் போல் இருந்தது. முதல் நாள் அவள் ஆசையாக ஓடி வந்து சொன்னபோது அவள் முகம் எப்படி இருந்திருக்கும்? அதை இனிமேல் எந்த மியூசியத்திலும் போய்ப் பார்க்க முடியாது. "அடுத்த வாரம்..." என்று ஆரம்பித்தார். நாக்கைக் கடித்துக்கொண்டார். பிறகு, "முதல்ல இருந்து சொல்லேன், கேக்கறேன்" என்றார்.

"அந்த ஆணி கோட்டு மாட்ட இல்லைங்க. கோடாலியால கதவை வெட்ட வந்தா, கோடாலி வாய் மழுங்கிப் போறதுக்கு" என்று அவள் ஆரம்பித்தாள். நின்றபடியே அவர் எல்லாவற்றையும் கேட்டார். இந்த முறை நோட்டில் எழுதவில்லை.

சாயங்காலம் பொட்டலுக்கு வந்ததும் அவள் கையை நீட்டினாள். "சாவி."

"எதுக்கு?"

"ஓட்டத்தான். எதிர்த்தெரு டிரைவிங் ஸ்கூல்ல கத்துக்கிட்டேன். லைசென்ஸ் வந்து ஒரு மாசம் ஆச்சு."

மாஸ்டர் சட்டைப் பையில் சாவியைத் தேடினார். சொல்லியிருப்பாள். அதற்கும் அவர் "ம்" என்றிருப்பார். மனைவிக்குக் கற்றுக்கொடுக்கிறேன் என்று ஒரே ஒரு நாள் கூட்டி வந்து, நூறு அடிக்குள் ஏழு தடவை பிரேக் அழுத்தியவர் அவர். சாவியைக் கொடுத்துவிட்டுப் பக்கத்து இருக்கையில் ஏறினார்.

அவள் கண்ணாடியைச் சரி செய்தாள். சிக்னல் போட்டாள். எதிர்த்தெருக்காரன் நன்றாகத்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறான், பாவி.

"காலை எடுங்க" என்றாள், திரும்பிப் பார்க்காமலே.

மாஸ்டர் இரண்டாவது பிரேக்கிலிருந்து காலை எடுத்தார். வைக்க இடம் இல்லாமல் அந்தரத்தில் பிடித்துக்கொண்டார். இனிமேல் இவள் சொல்வதில் ஒரு எழுத்தைக்கூட விடக்கூடாது என்று மனசுக்குள் இன்னொரு சபதம் எடுத்தார். முதல் திருப்பம் வந்தது. எதிரே ஒரு லாரி. அவர் கண் லாரியில், உயிர் காலில். அவள் அலுங்காமல் ஒதுக்கி, சீராக ஓட்டிக்கொண்டே ஏதோ சொன்னாள்.

"ம்" என்றார் மாஸ்டர்.

லாரி போய்விட்டது. கார் வீட்டுத் தெருவையும் தாண்டி நேரே போனது.

"இப்ப என்னம்மா கேட்டே?"

"கேக்கலைங்க. சொன்னேன்" என்றாள் அவள். "அதான் சரின்னுட்டீங்களே."